குதிரைகளே ஆசான்கள்

பத்திரிகைத் தொழிலுக்குள் நான் காலடி எடுத்துவைத்த நாட்களில், முதிய ஒப்புநோக்குநர் ஒருவர் அடிக்கடி கூறும் வார்த்தை ஒன்றுண்டு. "தம்பி, எல்லாம் படிச்சு முடிச்சிட்டன் எண்டு நினைக்கிற அண்டைக்குத்தான் பிழை விடத் தொடங்குவீர்." அவ்வார்த்தையின் முழுப் பொருளையும் எனக்கு உணர்த்தியது, நான் வாழ்நாளில் ஒருமுறையேனும் ஏறியறியாத குதிரையின் வரலாறாகும்.

ஒஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி என்றொரு நிறுவனம் உண்டு. 1572ஆம் ஆண்டிலேயே அதனைப் பற்றிய பதிவு காணப்படுகின்றது. ஸ்பானிய வழிவந்த குதிரைகளைக் கொண்டிருந்தமையால் அப்பெயர் பெற்றது. 1580இல் லிப்பிசா என்ற ஊரில் நிறுவப்பட்ட பண்ணையின் வழிவந்தவையே அங்குள்ள வெண்ணிற லிப்பிசானர் குதிரைகள்.

அப்பள்ளியின் கற்பித்தல் முறை விந்தையானது. புதிய மாணவனுக்குக் கடிவாளமும் இல்லை, மிதிபடியும் இல்லை. நீண்ட கயிற்றின் ஒரு முனையை ஆசிரியர் பிடித்திருக்க, வட்டமாகச் சுற்றிவரும் குதிரையின் முதுகில் நிலைகுலையாது அமர்வதே முதற்பாடம். அவனைச் சுமப்பது அனைத்தும் கற்றறிந்த முதிய குதிரை. பல்லாண்டுகள் கழித்து, அம்மாணவன் தேர்ந்த வீரனான பின்னரே இளங்குதிரை ஒன்று அவனிடம் ஒப்படைக்கப்படும். முதிய குதிரை இளைஞனுக்குக் கற்பிக்கின்றது. தேர்ந்த வீரன் இளங்குதிரைக்குக் கற்பிக்கின்றான். இக்கலை பெரும்பாலும் ஏட்டில் அன்றி, வாய்மொழியாகவும் உடலின் பழக்கமாகவுமே கைமாறி வந்துள்ளது.

இச்சங்கிலி அறுந்துபோகும் ஆபத்து 1945இல் நேர்ந்தது. போர் வியன்னாவை நெருங்கியவேளை, பள்ளியின் தலைவர் அலோயிஸ் பொதாய்ஸ்கி ஆண் குதிரைகளைச் சென் மார்ட்டின் என்ற ஊருக்குக் கொண்டுசென்றார். மே மாதம் 7ஆம் திகதி, அமெரிக்க ஜெனரல் பற்றன் முன்னிலையில் அவை தம் கலையைக் காட்டின. பொதாய்ஸ்கி 1936 பேர்லின் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் வெண்கலம் வென்றவர். பற்றனோ 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐந்நிகழ்வுப் போட்டியில் பங்குபற்றியவர்; அதில் குதிரையேற்றமும் அடக்கம். குதிரையை அறிந்த ஒருவரிடம் குதிரையை அறிந்த இன்னொருவர் பாதுகாப்புக் கோரினார், அது கிடைத்தது. இனப்பெருக்கத்திற்கான பெண் குதிரைகளை அமெரிக்கப் படையினர் ஏப்ரல் 28ஆம் திகதியே செக் மண்ணிலிருந்து மீட்டிருந்தனர். பள்ளி மீண்டும் வியன்னா திரும்பியது 1955இல்.

அன்று குதிரைகள் மாத்திரம் காக்கப்பட்டன என்று எண்ணிவிடலாகாது. முதிய குதிரைகளும் முதிய வீரர்களும் ஒருசேர மறைந்திருப்பின், எந்த நூலும் அக்கலையை மீட்டுத் தந்திராது. ஒரு தலைமுறை இடைவெளியே அதனை அழிக்கப் போதுமானது. நூலகங்கள் எரிந்ததையும் முதியோர் தம் அறிவோடு மண்ணில் மறைந்ததையும் கண்ட நமக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 2015இல் யுனெஸ்கோ அக்கலையை மானுடத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

தமது எழுபதாவது வயதில், 1968இல், பொதாய்ஸ்கி தம் அனுபவங்களை நூலாக்கினார். ஒலிம்பிக் பதக்கமும் கால்நூற்றாண்டுத் தலைமையும் கண்ட அவர் அதற்கு இட்ட தலைப்பு, 'என் ஆசான்கள் குதிரைகளே' எனும் பொருளுடையது.

அந்த ஒப்புநோக்குநர் இன்று உயிரோடில்லை. எழுதி முடித்ததை மீண்டும் ஒருமுறை வாசிக்கும் வழக்கத்தை மாத்திரம் அவர் என்னிடம் விட்டுச்சென்றார்.