ஹார்வி போட்ட கணக்கு

நர்ஸ் தொழிலுக்குப் பயிலும் மாணவியர்க்கு உடற்கூறு கற்பிக்கும் பொறுப்பு முன்பு சில திங்கள் என்னிடம் இருந்தது. ஒரு நாள் கரும்பலகையில் இருதயத்தின் நான்கு அறைகளையும் வரைந்தேன். உடலெங்கும் சென்று வந்த இரத்தம் வலப்புற அறைகளை அடைவதையும், அங்கிருந்து நுரையீரலுக்குப் போய் உயிர்வளி பெற்று இடப்புறம் திரும்புவதையும், பின்னர் பெருந்தமனி வழியே மீண்டும் உடலெங்கும் பாய்வதையும் அம்புக்குறிகளால் காட்டிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். “ஐயா, பிணத்தை அறுத்தால் இரத்தம் ஓடாது. உயிரோடிருப்பவரை அறுத்துப் பார்க்கவும் இயலாது. பின் எப்படி இது சுற்றி வருகிறதென்று கண்டுகொண்டார்கள்?” என்று கேட்டாள். வில்லியம் ஹார்வி என்று ஒரு பெயரையும், 1628 என்று ஓர் ஆண்டையும் சொல்லி அவளை உட்கார வைத்துவிட்டேன். அது விடையன்று என்பது எனக்கே தெரிந்திருந்தது. அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன் என்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். உண்ட உணவு கல்லீரலில் இரத்தமாகிறது. அது சிரைகள் வழியே உறுப்புகளுக்குச் சென்று, வயலில் பாய்ந்த நீரைப்போல அங்கேயே செலவாகிவிடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் இருதயத்தின் நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இடப்புறம் கசிந்து, நுரையீரலிலிருந்து வரும் காற்றின் சாரத்தோடு கலக்கிறது. இதுவே அவர் கொள்கை. கேலனை அறிவிலி என்று எண்ணிவிடாதீர்கள். தமனிகளில் காற்றுதான் இருக்கிறது என்று பலர் நம்பிய காலத்தில், அவற்றிலும் இரத்தமே உண்டென்று மெய்ப்பித்தவர் அவர். ஆயினும் அவர் சொல்லே முடிந்த முடிபென்று ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் ஐரோப்பா இருந்துவிட்டது.

இடையில் ஐயங்கொண்டோர் இல்லாமலில்லை. 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோ நகரில் வாழ்ந்த இப்னு அல்நபீஸ், நடுச்சுவரில் துளையே இல்லை, இரத்தம் நுரையீரலின் வழியாகத்தான் இடப்புறம் வரவேண்டும் என்று தெளிவாகவே எழுதினார். அவருடைய கையெழுத்துப் பிரதி 1924ஆம் ஆண்டில் பெர்லின் நூலகத்தில் ஓர் எகிப்திய மருத்துவரின் கண்ணில் படும்வரை, அவரது சிறப்பை உலகம் அறியவில்லை. வெசாலியசும் தம் நூலின் 1555ஆம் ஆண்டுப் பதிப்பில் அத்துளைகளைத் தம்மால் காண முடியவில்லை என்ற கருத்தை வெளியிட்டார். எனினும் இரத்தம் முழுவதும் வட்டமாகச் சுற்றுகிறது என்று எவரும் நிலைநாட்டவில்லை.

இங்கிலாந்தில் 1578இல் பிறந்த ஹார்வி, இத்தாலியிலுள்ள பாதுவா பல்கலைக்கழகத்தில் பயின்று 1602இல் பட்டம் பெற்றார். அங்கே அவருடைய ஆசிரியர் பாப்ரிசியஸ், சிரைகளுக்குள்ளே சிறு கதவுகள் போன்ற வால்வுகள் இருப்பதை மாணவர்க்குக் காட்டிவந்தார். இரத்தம் கைகால்களில் ஒரேயடியாகப் போய்த் தேங்காதிருக்கவே அவை அமைந்துள்ளன என்பது ஆசிரியரின் விளக்கம். கதவைக் கண்டவர், அது எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைப் பொருட்படுத்தவில்லை! அவை எல்லாம் இருதயத்தை நோக்கியே திறப்பதுதான் தம்மை முதலில் சிந்திக்கத் தூண்டியது என்று ஹார்வி முதுமையில் ராபர்ட் பாயிலிடம் கூறினாராம்.

லண்டனுக்குத் திரும்பிய ஹார்வி உயிருள்ள விலங்குகளின் இருதயத்தைக் கவனிக்கலானார். நாயின் இருதயம் கண்ணிமைக்கும் நேரத்தில் சுருங்கி விரிந்துவிடும். எது முதல், எது முடிவு என்று தெரியாது. இதைக் கடவுள் ஒருவரே அறிவார் என்று அவரே சோர்ந்து எண்ணியதுண்டு. பிறகு தவளை, பாம்பு, விலாங்கு போன்ற குளிர்ந்த இரத்தமுடைய உயிர்களை நாடினார். அவற்றின் இருதயம் மெல்லத் துடிக்கும். பாம்பின் இருதயத்துக்கு வரும் சிரையை இடுக்கியால் நெருக்கினார். இருதயம் வெறுமையாகி வெளிறிச் சிறுத்தது. பிடியை விட்டுவிட்டு, வெளியே செல்லும் தமனியை நெருக்கினார். இருதயம் வெடித்துவிடும் போலப் புடைத்துக் கருஞ்சிவப்பாயிற்று. வரும் வழி எது, போகும் வழி எது என்பதில் ஐயமே இல்லாமற் போயிற்று.

அடுத்து அவர் போட்டதுதான் நான் சொல்லவந்த கணக்கு. மனித இருதயத்தின் இடக் கீழறை ஏறத்தாழ இரண்டு அவுன்சு இரத்தம் கொள்ளும் என்று கண்டார். அதில் மிகச் சிறு பங்கே ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறுவதாக வைத்துக்கொண்டார். அரை அவுன்சு என்று கொள்வோம். அரைமணி நேரத்தில் ஆயிரம் துடிப்பு என்று குறைத்தே கொண்டாலும் 500 அவுன்சு ஆகிறது! உடலில் உள்ள இரத்தம் முழுவதையும்விட இது பன்மடங்கு அதிகம். இவ்வளவையும் கல்லீரல் அரைமணிக்கொருமுறை புதிதாக ஆக்க வேண்டுமானால், மனிதன் எவ்வளவு உண்ண வேண்டும்? ஆகவே சென்ற இரத்தமே திரும்பி வந்தாக வேண்டும்.

ஹார்வியின் எண்கள் உண்மைக்கு மிகக் குறைவு. ஓய்வாக இருக்கும் ஒருவரின் இருதயம் துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் அளவில், நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது என்று இன்று அறிவோம். உடலிலுள்ள இரத்தமும் ஏறத்தாழ அவ்வளவுதான். தமக்கு எதிராகவே கணக்கைக் குறைத்துப் போட்டும் முடிவு மாறவில்லை என்பதே எனக்கு வியப்பூட்டுகிறது.

மாணவியர் தினமும் செய்யும் ஒரு வேலையிலும் இதற்குச் சான்று உண்டு. இரத்தம் எடுக்குமுன் மேற்கையில் பட்டை கட்டுகிறோம் அல்லவா? ஹார்வியும் கட்டினார். மிக இறுக்கியபோது மணிக்கட்டில் நாடி நின்றது. கை மெல்லக் குளிர்ந்தது. சற்றுத் தளர்த்தியதும் நாடி திரும்பியது. கட்டுக்குக் கீழே சிரைகள் புடைத்தெழுந்தன. ஆழத்திலுள்ள தமனி வழியே இரத்தம் உள்ளே நுழைந்துவிட்டது. மேலாக ஓடும் சிரை வழியே திரும்ப முடியவில்லை. புடைத்த சிரையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் இரத்தத்தைத் தோள்புறமாக அடுத்த வால்வுக்கு அப்பால் நீவிவிடுங்கள். இடைப்பட்ட பகுதி வெறுமையாகவே இருக்கும். மேலிருந்து இரத்தம் இறங்கி வராது. கத்தியும் வேண்டாம், பிணமும் வேண்டாம். அந்த மாணவிக்கு அவள் கையிலேயே விடை இருந்தது.

இவற்றையெல்லாம் 72 பக்கமுள்ள ஒரு லத்தீன் நூலாக ஹார்வி 1628இல் பிராங்பர்ட்டில் வெளியிட்டார். அரசரின் மருத்துவராக இருந்தும் ஏளனத்துக்குத் தப்பவில்லை. நூல் வந்தபின் தம்மிடம் வரும் நோயாளிகள் மிகவும் குறைந்துபோயினர் என்று அவர் சொல்லக் கேட்டதாக ஜான் ஆப்ரி எழுதிவைத்திருக்கிறார். பாரிசில் ரியோலான் என்ற பேராசிரியர் கடுமையாக மறுத்தார். அவருக்கு ஹார்வி 1649இல்தான் அச்சில் விடையிறுத்தார்.

எதிரிகளிடம் ஒரு நியாயமான கேள்வியும் இருந்தது. தமனியின் முடிவிலிருந்து சிரையின் தொடக்கத்துக்கு இரத்தம் எப்படித் தாவுகிறது? ஹார்வியால் அந்த வழியைக் காட்ட முடியவில்லை. இருந்தே தீரவேண்டும் என்று மட்டும் சொன்னார். அவரது நூல் வெளிவந்த அதே 1628இல் இத்தாலியில் பிறந்த மால்பிகி, தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். மயிரிழையினும் நுண்ணிய குழாய்கள் வலைபோலப் பின்னித் தமனியையும் சிரையையும் இணைத்திருந்தன. தாம் கண்டதை அவர் வெளியிட்ட ஆண்டு 1661. ஹார்வி இறந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.