செக் திரும்பி வந்தால்... (உறவின்முறை முதல் 138 வரை)

செக் பவுன்ஸ் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது வக்கீல் நோட்டீசும், வங்கி பிடிக்கிற அபராதமும்தான். ஆனால் இதற்குப் பின்னால் ஒரு சுவாரசியமான வரலாறு இருக்கிறது நண்பர்களே. "தருகிறேன்" என்று சொன்னவர் தராவிட்டால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. அருப்புக்கோட்டையை ஒட்டியுள்ள பாளையம்பட்டியில் இருந்தே தொடங்கலாம்.

ஆறு ஊர்களும் ஒரு சபையும்

19-ஆம் நூற்றாண்டில் தெற்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாடார் வணிகர்கள் மாட்டு வண்டிகளில் சரக்கேற்றி வடக்கே வந்தார்கள். பாளையக்காரர் போர்கள் ஓய்ந்து பாதைகள் கொஞ்சம் பாதுகாப்பான காலம் அது. இராமநாதபுரம் சீமையில் அவர்கள் நிலைகொண்ட ஆறு ஊர்கள்: சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை. வண்டியும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்க "பேட்டை" கட்டினார்கள். அதன் செலவுக்காக ஒவ்வொரு வணிகரும் கொடுத்த பங்குதான் "மகமை". அதை நிர்வகித்தது உறவின்முறை.

கொடுக்கல் வாங்கல் தகராறு வந்தாலும் உறவின்முறைதான் விசாரித்தது. கொடுத்த வாக்கை மீறியவருக்கு ஊருக்குள் மதிப்பு போய்விடும். மழையை நம்பிய கரிசல் பூமியில் எல்லா வியாபாரமும் கடனில்தான் ஓடியது. அறுவடை வரை பொறுக்கிறவரிடம்தான் விவசாயி சரக்கு வாங்க முடியும். அந்த நிலைமையில் மதிப்பு போவது சிறைத் தண்டனையை விடப் பெரிய தண்டனை. ஆனால் இதில் ஒரு குறையும் இருந்தது. சபைக்கு வெளியே உள்ளவரிடம் இந்தக் கட்டுப்பாடு செல்லாது.

உண்டியல்

வெளியூருக்குப் பணம் அனுப்ப அந்நாளில் உண்டியல் இருந்தது (கோயில் உண்டியல் இல்லை!). நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மா, இலங்கை, மலாயா வரை இதில் பணத்தைப் புரட்டினார்கள். காட்டியவுடன் பணம் தருவது தர்சனி உண்டியல். தவணை முடிந்ததும் தருவது இன்னொரு வகை.

உண்டியலை மறுத்துவிட்டால்? வட இந்திய வணிகர்களிடம் இதற்கு அழகான ஒரு ஏற்பாடு இருந்தது. உண்டியலோடு "ஜிக்ரி சிட்டு" என்று ஒரு கடிதத்தையும் கொடுத்து விடுவார்கள். பணம் மறுக்கப்பட்டால், அந்தக் கடிதத்தில் பெயர் உள்ள அதே ஊர் வணிகர் பணத்தைக் கொடுத்து, எழுதியவரின் மானத்தைக் காப்பாற்றுவார்.

ஆங்கிலேய அரசு 1881-இல் செலாவணி முறிச் சட்டம் கொண்டு வந்தது. அது 1882 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. உள்நாட்டு மொழிகளில் எழுதப்பட்ட பத்திரங்களில் உள்ளூர் வழக்கத்தைத் தொட மாட்டோம் என்று முதல் பிரிவிலேயே சொல்லிவிட்டார்கள். உண்டியல் தன் வழியில் போனது, செக் தன் வழியில் வந்தது.

வங்கி வருகிறது

1910-இல் நாடார் மகாஜன சங்கம் உருவானது. வணிகர்களுக்குச் சொந்தமாக ஒரு வங்கி வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுத்து, 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி திறக்கப்பட்டது. 1962-இல் அதுவே தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. வாய்ச்சொல்லும் பேரேடும் இருந்த இடத்துக்கு மெல்ல மெல்ல செக் புத்தகம் வந்தது.

ஆனால் செக் திரும்பினால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது! சிவில் வழக்குப் போட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இந்திய தண்டனைச் சட்டம் 420-ஆம் பிரிவில் மோசடிப் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு, செக் கொடுத்த அன்றே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். மனதில் இருந்ததை எப்படி நிரூபிப்பது?

138 பிறந்த கதை

1988-இல் சட்டத்தைத் திருத்தி 138-ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். 1989 ஏப்ரல் 1 முதல், கடனை அடைக்கக் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் அது குற்றம். முதலில் தண்டனை ஓராண்டு வரை இருந்தது. 2002 திருத்தம் அதை இரண்டு ஆண்டுகள் வரை ஆக்கியது. செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதமும் உண்டு.

இதில் நாட்கணக்கு முக்கியம்:

1. செக்கை அதன் ஆயுளுக்குள் வங்கியில் போட வேண்டும். 2012 ஏப்ரல் முதல் ஆயுள் மூன்று மாதம்தான்.
2. திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.
3. நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம்.
4. அதற்குள் கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார்.

எந்த ஊர் நீதிமன்றம் என்பதில் பெரிய கூத்தே நடந்தது. 2014 ஆகஸ்டில் தசரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கில் உச்ச நீதிமன்றம், செக் கொடுத்தவரின் வங்கி இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்றது. யோசித்துப் பாருங்கள். பாளையம்பட்டி வியாபாரி டில்லிக்குச் சரக்கு அனுப்பி செக் திரும்பினால், டில்லிக்கு அலைய வேண்டும்! ரயில் செலவே செக் தொகையைத் தாண்டிவிடும். 2015-இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது, கணக்கில் போட்ட செக்குக்கு, பணம் பெற வேண்டியவரின் வங்கிக் கிளை உள்ள எல்லையிலேயே வழக்குப் போடலாம். 2018-இல் இன்னொரு திருத்தம் வந்தது. வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால நஷ்டஈடு தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் கிடைத்தது.

விளைவு? 2019 டிசம்பர் 31 கணக்குப்படி நாட்டில் நிலுவையில் இருந்த 2.31 கோடி கிரிமினல் வழக்குகளில் 35.16 லட்சம் செக் வழக்குகள். இதை உச்ச நீதிமன்றமே 2021 தீர்ப்பில் கவலையோடு குறிப்பிட்டது.

வங்கிக் கட்டணம்

முன்பு சேவைக் கட்டணங்களுக்கு இந்திய வங்கிகள் சங்கம் ஒரு பொது அளவு வைத்திருந்தது. 1999-இல் அந்த முறை போய், ஒவ்வொரு வங்கியும் தானே கட்டணத்தை முடிவு செய்யலாம் என்றானது. செக் எழுதியவரிடம் மட்டுமல்ல, செக்கைக் கணக்கில் போட்டவரிடமும் பல வங்கிகள் ஒரு தொகை பிடிக்கின்றன. 2017 ஜூலை முதல் அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. பணம் வரவில்லை, கையிலிருந்தும் போகிறது!

ஆனால் வாடிக்கையாளரின் தவறால் திரும்பினால்தான் கட்டணம் பிடிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். படம் தெளிவில்லை என்பது போன்ற தொழில்நுட்பக் காரணம் என்றால், வங்கியே மறுபடி செக்கை அனுப்ப வேண்டும். ஆகவே திரும்பிய செக்கோடு வரும் சீட்டில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று கட்டாயம் படியுங்கள். கட்டணம் தவறென்று தெரிந்தால் முதலில் கிளையில் எழுதிக் கொடுங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

வங்கிக்கும் பொறுப்பு உண்டு. கணக்கில் பணம் இருந்தும் செக்கைத் தவறாகத் திருப்பினால் எழுதியவருக்கு ஏற்படும் நஷ்டத்தை வங்கி ஈடு செய்ய வேண்டும் என்கிறது 1881 சட்டத்தின் 31-ஆம் பிரிவு. இங்கிலாந்தில் 1830-லேயே மார்செட்டி என்ற வணிகர் இதற்காக ஒரு வங்கி மீது வழக்குப் போட்டு ஜெயித்தார். ஒரு வணிகனின் செக்கைத் திருப்புவது அவன் பெயரைக் கெடுப்பது என்று அன்றே புரிந்துகொண்டார்கள்.

என் கருத்து

உறவின்முறை நாளில் வாக்குத் தவறியவரை ஊர் உடனே அறிந்தது. இன்று சட்டம் சாதி, ஊர் பார்க்காமல் எல்லாருக்கும் பொது. இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் பத்தாயிரம் ரூபாய் செக்குக்காக வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறும் சின்ன வியாபாரிக்கு, தாமதம்தான் உண்மையான அபராதம். சட்டத்தின் பொதுத்தன்மையும் பழைய சபையின் வேகமும் ஒன்றாகக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! லோக் அதாலத்தில் செக் வழக்குகளைச் சமரசமாக முடிப்பது அந்தப் பக்கம் ஒரு நல்ல அடி என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?