பவர் வால்வு: பந்தயத் தடத்திலிருந்து மணல்மேடு வரை

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறுவதற்குச் சிலிண்டர் சுவரில் ஒரு துளை இருக்கும். அதுதான் எக்ஸாஸ்ட் போர்ட். பிஸ்டன் இறங்கும்போது திறக்கும், ஏறும்போது மூடும். அதன் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைப் பொறுத்தே எஞ்சினின் சுபாவம் அமைகிறது. உயரமாக வெட்டினால் எஞ்சின் உச்ச வேகத்தில் சீறும். ஆனால் மெதுவாக ஓடும்போது, எரிந்த வாயு பிஸ்டனை முழுக்கத் தள்ளி முடிக்கும் முன்பே வெளியே ஓடிவிடும். புதிதாக வந்த பெட்ரோல் கலவையும் கூடவே நழுவும். தாழ்வாக வெட்டினால் ஆரம்ப இழுவை நன்றாக இருக்கும், உச்சத்தில் மூச்சுத் திணறும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது.

1977இல் யமஹா தன் ஒய்.இசட்.ஆர். 500 பந்தய வண்டியில் அந்த நிலையை மாற்றியது. போர்ட்டின் மேல்விளிம்பில் நூல்கண்டு வடிவில் ஓர் உலோக உருளையைப் பொருத்தினார்கள். அது சுழலும்போது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே போர்ட்டின் உயரம் கூடும், குறையும். குறைந்த வேகத்தில் தாழ்ந்த போர்ட், வேகம் ஏறினால் உயர்ந்த போர்ட். ஒய்.பி.வி.எஸ். என்று பெயர் பெற்ற அந்தப் பவர் வால்வோடு, 1978இல் கென்னி ராபர்ட்ஸ் 500 சிசி உலகப் பட்டத்தை வென்றார்.

1983இல் வால்வு ஆர்.டி. 350 வழியாகச் சாலைக்கு வந்தது. எஞ்சினின் வேகத்தைக் கணித்து ஒரு சிறு மின்மோட்டார் அதைத் திருப்பியது. 1980இல் வந்த ஆர்.டி. 350 எல்.சி. 47 குதிரைத்திறன் தந்தது. அதே 347 சிசி அளவில் புதிய வண்டி 59 தந்தது. இந்த ஏற்றம் முழுவதும் வால்வினால் மட்டும் வந்ததல்ல. ஆனால் கீழ் வேக இழுவையைப் பறிகொடுக்காமல் உச்ச வேகத்தைக் கூட்டும் துணிச்சலைத் தந்தது அதுதான். ஹோண்டா, கவாசாகி, சுசுகி என மற்ற நிறுவனங்களும் ஆளுக்கொரு வகையில் தங்கள் வால்வுகளைச் செய்துகொண்டன.

1987இல் இந்தப் பயணம் நான்கு சக்கர குவாட் வண்டிகளிடம் வந்தபோது பாதை இரண்டாகப் பிரிந்தது. கவாசாகி, மோட்டோகிராஸ் பைக்கில் பழகிய தன் 'கிப்ஸ்' வால்வை டெகாட்டே-4 குவாட்டில் வைத்தது. யமஹாவோ ஆர்.டி. 350 வழிவந்த இரட்டைச் சிலிண்டர் எஞ்சினைப் பான்ஷி குவாட்டில் ஏற்றியபோது வால்வைக் கழற்றிவிட்டது. மின்மோட்டாரும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இல்லாததால் எஞ்சின் எளிமையானது. பிரித்துப் பூட்டுவதும் சுலபம். அந்த எளிமைக்காகவே பான்ஷியைக் கொண்டாடியவர்கள் ஏராளம். டெகாட்டே-4 இரண்டே ஆண்டுகளில் நின்றது. பான்ஷி அமெரிக்காவில் 2006 வரை விற்றது.

ஆனாலும் வால்வு இல்லாத குறையைப் பான்ஷி ஓட்டியவர்கள் உணர்ந்தார்கள். குவாட், பைக்கைவிடக் கனமானது. அகன்ற பின் டயர்கள் மணலை வாரித் தள்ளிக்கொண்டே நகர வேண்டும். மேட்டில் ஏறும்போது வேகம் சற்றுக் குறைந்து எஞ்சின் தன் பவர் பேண்டுக்கு, அதாவது முழு வலு தரும் வேக எல்லைக்கு, கீழே விழுந்தால், கிளட்சைப் பிடித்து, கியரை இறக்கி, மறுபடி முறுக்கியே எழுப்ப வேண்டும். எழும்போது திடீரென்று பாயும். கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளுக்காகப் பலர் போர்ட்டை இன்னும் உயரமாகக் கடைந்தார்கள். உச்சம் கூடியது, ஆரம்ப இழுவை மேலும் மெலிந்தது. வால்வு தீர்த்துவைத்திருந்த பழைய சிக்கலுக்கே அவர்கள் திரும்பியிருந்தார்கள்.

வால்வு உள்ள எஞ்சினுக்கும் ஒரு கடமை உண்டு. எரியாத ஆயிலின் கரி அதில் படியும். திறந்தபடி சிக்கினால் கீழ் இழுவை செத்துப்போகும். மூடியபடி சிக்கினால் உச்ச வேகம் வராது. கார்புரேட்டரைக் குறைசொல்லும் முன் வால்வைக் கழற்றிப் பார்ப்பதே நல்ல மெக்கானிக்கின் வழி.

கரியைத் துடைக்கும் அந்த வேலைக்கு ஈடாக வால்வு தருவது பெரிது. ஒரே சிலிண்டருக்குள் மேடேறும் எஞ்சினும் சமவெளியில் சீறும் எஞ்சினும் சேர்ந்து வாழ்கின்றன. கனமான வண்டியில், இளகிய மணலில், அந்த இரண்டும் ஒருசேரத் தேவைப்படுகின்றன. பவர் வால்வு யாரைவிடவும் அதிகமாகக் குவாட் ஓட்டுபவருக்கே பயன்பட்டிருக்க வேண்டிய பொருள்.