துறைமுகத்திலேயே முறிந்த கப்பல்கள்

கப்பல் உடைந்தது என்றால் நம் மனத்தில் புயலும் பாறையும்தான் தோன்றும். ஆனால் அலையற்ற துறைமுகத்தில், கரையோடு கட்டி நிறுத்தியிருந்த நிலையிலேயே முறிந்துபோன கப்பல்களும் உண்டு. 1994 நவம்பரில் பிரேசில் நாட்டின் போண்டா டா மடெய்ரா துறையில் 'டிரேட் டேரிங்' என்ற பழைய கப்பல், தாது ஏற்றிக்கொண்டிருந்தபோதே முதுகு முறிந்து, அத்துறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. இது எப்படி நேரக்கூடும்?

1852இல் இங்கிலாந்தின் ஜாரோ நகரில் சார்லஸ் பாமர் என்பவர் 'ஜான் போவ்ஸ்' என்ற இரும்பு நீராவிக் கப்பலைக் கட்டினார். லண்டனுக்கு நிலக்கரி கொண்டுசெல்வதே அதன் வேலை. சுமார் 650 டன் நிலக்கரியை நான்கே மணி நேரத்தில் அதில் ஏற்றிவிடலாம் என்பது அக்காலத்தில் பெரிய விந்தை. சரக்கு இறங்கிய பிறகு வெறுங்கப்பல் ஆடாதிருக்க மணலையும் சரளையையும் அள்ளிப்போடும் வழக்கம் மாறி, தொட்டிகளில் கடல்நீரை நிரப்பும் முறை இத்தகைய நிலக்கரிக் கப்பல்களில் வளர்ந்தது. இந்த நிலைநீர் நம் கதையில் மறுபடியும் வரும்.

இன்றோ, பெரிய இரும்புத்தாதுத் துறைகளில் ஓடும் கன்வேயர் பெல்ட்டுகள் மணிக்கு 16,000 டன் வரை கொட்டுகின்றன. பாமரின் கப்பலை நிரப்ப இரண்டரை நிமிடமே போதும்!

இந்த வேகத்தால் கப்பலுக்கு என்ன கெடுதல்? மிதக்கும் கப்பலைத் தண்ணீர் கீழிருந்து மேலே தள்ளுகிறது; எடை கீழே அழுத்துகிறது. மொத்தத்தில் இரண்டும் சமம்தான். ஆனால் கப்பலின் நீளம் நெடுக, ஒவ்வோர் இடத்திலும் சமமாக இருப்பதில்லை. தோளில் காவடித் தண்டைச் சுமப்பவரைப் பாருங்கள். நடுவில் தோள் தாங்க, இரு முனைகளிலும் பாரம் தொங்கத் தண்டு கூன்போடுகிறது. கப்பலின் இரு கோடிகளிலும் சரக்கு மிகுந்து நடுப்பகுதி காலியாக இருந்தால் இதே கூனல் உண்டாகிறது. மேல்தளம் இழுபட, அடித்தளம் நசுங்குகிறது. மாறாக, இருவர் மூங்கிலின் இரு முனைகளைத் தாங்க நடுவில் குடத்தைத் தொங்கவிட்டால் மூங்கில் தொய்கிறது. நடுவில் பாரம் ஏறிய கப்பலும் அப்படியே. 1874இல் வில்லியம் ஜான் என்ற பொறியாளர் இரும்புக் கப்பல்களில் ஏற்படும் இத்தகைய தகைவுகளைக் கணக்கிட்டு, கப்பல் பெரிதாகப் பெரிதாக அவையும் ஏறுவதைக் காட்டினார்.

இரும்புத்தாது இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. அது மிகக் கனமானது. சரக்கறையின் அடிப்பகுதியில் கொஞ்ச இடத்தை அடைத்தாலே கப்பலின் சுமை முடிந்துவிடும். எல்லா அறைகளிலும் அப்படிப் பரப்பினால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து, கப்பல் கடலில் வெடுக்கு வெடுக்கென்று உருளும். ஆகவே ஒன்பது அறைகள் உள்ள கப்பலில் 1, 3, 5, 7, 9 ஆகியவற்றை மட்டும் நிரப்பி, இடையில் உள்ளவற்றைக் காலியாக விடுவதுண்டு. நிறைந்த அறை கீழே இறங்கப் பார்க்கிறது. பக்கத்துக் காலி அறையைத் தண்ணீர் மேலே தூக்கப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே பக்கத் தகடுகள் கத்தரிக்கோலில் அகப்பட்ட துணிபோல் வெட்டு விசைக்கு ஆளாகின்றன. இதற்கெனப் பலப்படுத்திக் கட்டப்பட்ட கப்பல் தாங்கும். மற்றவை?

ஆகவே ஓர் அறையை ஒரே மூச்சில் நிரப்புவதில்லை. பாதி கொட்டி, வேறோர் அறைக்கு மாறி, பிறகு திரும்பி வந்து மீதியைக் கொட்டுவார்கள். அதே சமயம் நிலைநீரைப் பம்புகள் வெளியேற்ற வேண்டும். இரண்டும் கைகோத்துப் போகவேண்டும் என்பதே திட்டம். பெல்ட் முந்திக்கொண்டு பம்பு பின்தங்கினால், இருக்கக்கூடாத இடத்தில் தண்ணீரும் அதன்மேல் தாதும் சேர்ந்துவிடும். ஐந்து நிமிடம் அசந்தால் 1,300 டன்னுக்கு மேல் கூடுதலாக விழுந்துவிடும். துறைக்காரருக்கோ கருவியை அடிக்கடி அறை மாற்றுவது நேர இழப்பு. காத்திருக்கும் கப்பலுக்கோ நாள்தோறும் பணச் செலவு. அவசரம் எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

இறக்கும்போதும் இதே ஆபத்துதான். 1980 ஜூலையில் ராட்டர்டாம் துறைமுகத்தில் 'எனர்ஜி கான்சென்ட்ரேஷன்' என்ற எண்ணெய்க் கப்பல், நடுப்பகுதி காலியாகி இரு கோடிகளில் எண்ணெய் மிஞ்சியிருந்த நிலையில் கூனலுற்று முறிந்தது. பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டது வியப்பானது: கப்பலின் பலம் கணக்குக்குக் குறைந்திருக்கவில்லை, சுமைதான் அதை மிஞ்சியிருந்தது.

அதே 1980 செப்டம்பரில் ஜப்பானுக்கு இரும்புத்தாது கொண்டுசென்ற 'டெர்பிஷயர்' என்ற பிரிட்டிஷ் கப்பல் புயலில் சிக்கி 44 பேருடன் மூழ்கியது. 2000இல் முடிந்த மறுவிசாரணை, அலையின் அழுத்தத்தில் சரக்கறை மூடிகள் உடைந்ததே காரணம் என்றது. எனவே அதை ஏற்றுமதி வேகத்தின் கணக்கில் எழுதுவது தவறு. ஆனால் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாதுக் கப்பல்கள் பல அடுத்தடுத்து மூழ்கியபோது, துருப்பிடித்த தகடுகளோடு துறைமுகத்தில் அவை பட்ட பாடும் கேள்விக்குள்ளாயிற்று. அளவுக்கு மீறி வளைந்த கப்பல் உடனே உடைந்தால் தெரியும். உடையாவிட்டால் தகட்டின் நெளிவோ மயிரிழை விரிசலோ தாதுக்கு அடியில் மறைந்து, கடலில்போய்ப் பழிவாங்கும். இறப்பவர்களோ, பெல்ட்டை ஓட்டியவர்கள் அல்லர்.

1997இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, மொத்தச் சரக்கைப் பத்திரமாக ஏற்றி இறக்குவதற்கென ஒரு விதித்தொகுப்பை ஏற்றது. ஏற்றும் திட்டத்தைக் கப்பல் தலைவரும் துறைப் பிரதிநிதியும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். வரம்பு மீறப்படுமானால் நிறுத்தச் சொல்லும் உரிமை தலைவருக்கு உண்டு. அதே ஆண்டில் ஏற்கப்பட்டு 1999 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மற்றொரு விதி, 150 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்களில் வளைவையும் வெட்டு விசையையும் கணக்கிடும் கருவியை வைக்கச் சொன்னது.

கருவி நல்லதுதான். ஆனால் எந்த அறையில் எத்தனை டன் என்பதை யாரோ அதற்குச் சொல்ல வேண்டும். அந்த எண் துறையின் பெல்ட் தராசிலிருந்து வருகிறது. அதனால்தான் கப்பலின் முதன்மை அதிகாரி இன்றும் ஏற்றுமதியை இடையில் நிறுத்தச் சொல்லி, கப்பலின் முன்னும் நடுவும் பின்னும் பொறித்த ஆழக்குறிகளைக் கண்ணால் படிக்கிறார். முனைகளின் சராசரியைவிட நடு எத்தனை சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது, அல்லது உயர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த அறைக்குக் கைகாட்டுகிறார்.