அம்பாஸடருக்கு ஒரு பொறி

டீசல் இஞ்சினுக்குப் பொறி தேவையில்லை. காற்றை அமுக்குற அமுக்கிலேயே டீசல் தானா பத்திக்கும். பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். ஆனா அப்பாவோட அம்பாஸடர் மார்க் 2-வைத் திரும்ப பெட்ரோலுக்கு மாத்தலாம்னு பானெட்டைத் திறந்தப்பதான் அதோட அர்த்தம் உறைச்சுது. டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, காயில் இல்லை, பிளக் ஒயர் இல்லை. எல்லாம் எண்பதுகளிலேயே பழைய இரும்புக்குப் போயாச்சு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் பெட்ரோல் விலை எகிற, வாடகைக் கார் ஓட்டினவங்க பலர் 1489 சிசி பெட்ரோல் இஞ்சினை இறக்கிட்டு டீசல் ஏத்தினாங்க. 1980 வாக்கில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே டீசல் அம்பாஸடர் விட்டது. அப்பாவும் ஏத்தினார். எங்க படிப்பெல்லாம் அந்த டீசல்லதான் ஓடுச்சு. ஆனா அம்மாவுக்கு ஒரு குறை. "கல்யாணமான புதுசுல இதே வண்டியில பேசிக்கிட்டே போவோம். டீசலுக்கு அப்புறம் உங்கப்பா சொன்னது எதுவும் காதுல விழலை"ம்பாங்க. அப்பா போயாச்சு. வண்டியாவது பழையபடி ஆகட்டும்னுதான் இந்த வேலை.

புதுப்பேட்டையில அதே 1489 சிசி இஞ்சின் கிடைச்சுது, டிஸ்ட்ரிபியூட்டரோட. துடைச்சுப் பார்த்தா லூகாஸ் டிவிஎஸ். 1961-ல் தொடங்கின கம்பெனி, சென்னை பாடியில. வங்காளத்து உத்தர்பாராவில் செஞ்ச காருக்குப் பொறி நம்ம பாடியிலேருந்து!

இப்ப கேள்வி: பழைய சி.பி. பாயிண்டா, எலக்ட்ரானிக்கா? மெக்கானிக் அண்ணாச்சி ஒரே போடாப் போட்டார். "பாயிண்டே போதும் தம்பி. நடுரோட்டுல நின்னாலும் உப்புத்தாளைத் தேச்சு வீடு வந்து சேரலாம்."

அந்தப் பாயிண்டோட ஜாதகத்தைப் பார்த்தா மலைப்பா இருக்கு. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1909-ல் டெல்கோ கம்பெனியை ஆரம்பிச்சு, காடிலாக் காருக்கு பேட்டரி இக்னிஷன் செஞ்சு கொடுத்தார். சுத்துற கேம் பாயிண்டைத் திறக்கும். திறந்த நொடியில காயிலோட காந்தப்புலம் சரியும். ஆயிரக்கணக்கான வோல்ட் பிளக்குக்குப் பாயும். அவ்வளவுதான். நாலு சிலிண்டர் இஞ்சின் 3000 ஆர்.பி.எம்.ல ஓடும்போது இது நொடிக்கு 100 தடவை நடக்கணும். சுமார் 0.38 மி.மீ. இடைவெளியில! கேமில் உரசுற குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும், வண்டி மந்தமாகும். இதை வச்சுக்கிட்டே உலகம் அறுபது வருஷத்துக்கு மேல ஓட்டியிருக்கு.

1963-லேயே பாண்டியாக்கில் டிரான்சிஸ்டர் இக்னிஷன் கிடைச்சுது, ஆனா கேட்டு வாங்கினவங்களுக்கு மட்டும். 1973-ல் கிரைஸ்லர் தன்னோட அமெரிக்கக் கார்கள் எல்லாத்திலும் எலக்ட்ரானிக்கை வழக்கமாக்கியது. காரணம் ஓட்டுறவன் சௌகரியம் இல்லைன்னுதான் நான் நினைக்கிறேன். 1970-ல் அங்கே வந்த தூய காற்றுச் சட்டம். ஒரு பொறி தப்பினா எரியாத பெட்ரோல் புகையாப் போகும், பாயிண்ட் தேஞ்சா தப்பத்தான் செய்யும். நம்ம நாட்டுல பெட்ரோல் வண்டிக்குப் புகை விதி வந்ததே 1991-ல். அதுவரைக்கும் உப்புத்தாள் ராஜ்ஜியம்தான்.

சரி, மேட்டருக்கு வருவோம். நெதர்லாந்துல செய்யுற 123 டிஸ்ட்ரிபியூட்டரில் பதினாறு அட்வான்ஸ் கர்வ் இருக்காம். விலையைப் பார்த்துட்டு மரியாதையா மூடிட்டேன். எடுத்தது ஹால் எஃபெக்ட் கிட். ரோட்டருக்குக் கீழே காந்த வளையம், பாயிண்ட் இருந்த இடத்துல ஒரு சின்ன மாட்யூல், ரெண்டே ஒயர். டிஸ்ட்ரிபியூட்டர் இந்த இஞ்சினோடதே. அதனால வேகத்துக்கேத்தபடி பொறியை முன்னால தள்ளுற அதோட எடைகளும் ஸ்பிரிங்கும் அப்படியே இருக்கும். எனக்கு அதுதான் முக்கியமாப் பட்டுது. தண்டு ஆடினதால புஷ் மட்டும் புதுசாப் போட்டோம்.

காயில்லதான் கவனம் வேணும். கிட் கேட்டது 3 ஓம், அதாவது 12 வோல்ட்டுக்கு 4 ஆம்பியர். பாலாஸ்ட் வகையில 1.5 ஓம் காயில் உண்டு. பாலாஸ்ட் இல்லாம மாட்டினா 8 ஆம்பியர் இழுக்கும், மாட்யூல் காலி. இதையெல்லாம் மல்டிமீட்டர் வச்சு சரிபார்த்த மேதாவி என்ன செஞ்சேன் தெரியுமா? சாவியை இக்னிஷன்ல விட்டுட்டு, இஞ்சினை ஓட்டாம, ஷெட்டுல உக்காந்து அரை மணி நேரம் ராஜா பாட்டு கேட்டேன். காயில் கொதிச்சுது, மாட்யூல் செத்துது. பாயிண்ட் சாகறதுக்கு முன்னாடி மாசக்கணக்கா முனகும். இது ஒரு வார்த்தை சொல்லலை.

அண்ணாச்சி சிரிக்கலை. பழைய பாயிண்ட் தட்டையும் கண்டென்ஸரையும் எடுத்து இருபது நிமிஷத்துல மாட்டி, "இன்னிக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க, அதை அப்புறம் வாங்கலாம்"னார்.

அம்மா முன் சீட்டுல ஏறினாங்க. தாம்பரம் வரைக்கும் போய்ட்டு வந்தோம். பேச வேண்டியதெல்லாம் இருந்தும் ரெண்டு பேருமே பேசலை. இறங்கும்போது மட்டும், "கேக்குதுடா"ன்னாங்க.

டிஸ்கி: அடுத்த மாசமே புது மாட்யூல் மாட்டிட்டேன். பாயிண்ட் தட்டு, கண்டென்ஸர், ஒரு துண்டு உப்புத்தாள் மூணும் டிக்கியில இருக்கு. பாட்டு இப்ப செல்போன்ல.