புரொஸ்டேட் லேசர் சத்திரசிகிச்சை

வயது ஏற ஏறச் சலப்பைக்குக் கீழுள்ள புரொஸ்டேட் சுரப்பி வீங்கிச் சலப்பாதையை நெரிக்கலாம். நெரிக்கும் திசுவை லேசரால் அகற்றுவதே இச்சிகிச்சை. புரொஸ்டேட் சத்திரசிகிச்சையின் வரலாறு இரத்தப்போக்கை அடக்கிய வரலாறுதான். இரத்தம் விரைவில் நின்றால், சலம் வடிய வைக்கும் குழாயான கதீற்றரும் விரைவில் வெளியே வரும்.

அயர்லாந்தில் பிறந்த பீட்டர் ஃபிரேயர் இந்திய மருத்துவச் சேவையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவர். 1900 டிசம்பரில் லண்டன் புனித பீட்டர் வைத்தியசாலையில், அடிவயிற்றைக் கீறிச் சலப்பை வழியே விரலை நுழைத்து, வீங்கிய திசுவை அதன் உறையிலிருந்து குடைந்தெடுத்தார். லீட்ஸில் மெக்கிலும் நியூயோர்க்கில் ஃபுல்லரும் முன்பே இத்தகைய சிகிச்சை செய்திருந்ததால் முதன்மை யாருக்கென்ற சர்ச்சை எழுந்தது. ஆயினும் அம்முறையைப் பரப்பியவர் ஃபிரேயரே. அடிவயிற்றில் தடித்த குழாயுடன் நோயாளி வாரக்கணக்கில் படுத்திருந்தார்.

1926இல் ஸ்டேர்னும் 1930களின் தொடக்கத்தில் மக்கார்த்தியும் உருவாக்கிய கருவிகளால், சலப்பாதை வழியாகவே மின்கம்பியால் திசுவைச் சீவ முடிந்தது. அதே காலத்தில் ஃபோலியின் பலூன் கதீற்றர் வந்தது. கீறல் ஒழிந்தாலும் குழாய் இரண்டு மூன்று நாள் இருந்தது.

லேசர் வந்ததும் நிலைமை சீராகிவிடவில்லை. 1992இல் அவுஸ்திரேலியாவின் கொஸ்டெல்லோ விவரித்த நியோடிமியம் லேசர் திசுவை ஆழமாக வேகவைத்தது. வெந்த திசு வீங்கி, வாரக்கணக்கில் உதிர்ந்ததால் குழாய் முன்னிலும் நீண்டநாள் தேவைப்பட்டது. நியூசிலாந்தின் டௌரங்காவில் பீட்டர் கில்லிங் குழுவினர் கையாண்ட ஹோல்மியம் லேசரே திருப்பம். அதன் ஒளியை நீர் உறிஞ்சிவிடுவதால் அது திசுவுக்குள் அரை மில்லிமீற்றரும் இறங்காது. வெட்டும்போதே இரத்தக்குழாய்களை அடைக்கும். ஃபிரேயரின் விரல் சென்ற அதே உறையோரத்தில் லேசர் நார் செல்கிறது. பிரிந்த திசுவைச் சலப்பைக்குள் தள்ளி, அரைத்து உறிஞ்சியெடுப்பார்கள். பெரிய சுரப்பிக்கும் இது பொருந்தும். மற்றொரு வகையான, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் உறிஞ்சும் பச்சை லேசர் திசுவை ஆவியாக்கும்.

கதீற்றரே இல்லாத சிகிச்சை என்பது மிகைப்பேச்சு. வழக்கமாக ஓரிரவு இருக்கும். தேர்ந்தெடுத்த சிலருக்கு அன்றே கழற்றுவார்கள்.

இலங்கையின் புத்தளம் கரையோரத்தில் குழாயோடு கழியும் ஓரிரண்டு நாளும் பெரிது. கற்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்திக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர். குழாயைக் கழற்ற மட்டும் மறுபடி வருவது கூலிக்காரருக்குப் பெருஞ்செலவு. சலம் சேரும் பையைத் தொடையில் கட்டிக்கொண்டு வள்ளம் ஏறவோ உப்பளத்தில் இறங்கவோ முடியாது. சலம் கசியும் முதியவர் ஒவ்வொரு வேளைத் தொழுகைக்கும் புதிதாக வுழூ எனும் கழுவலைச் செய்ய வேண்டும். பள்ளிவாசலுக்குப் போகவே கூசுவார். இவற்றை வைத்தியர்கள் கேட்டறிந்தே சிகிச்சை முறையைத் தெரிவுசெய்ய வேண்டும்.

குழாய் எடுத்ததும் தண்ணீர் குடிக்கச் சொல்லி, கழிந்த சலத்தைக் குவளையில் அளப்பார்கள்; சலப்பையில் மிஞ்சியதை ஸ்கானில் பார்ப்பார்கள். சலம் போகாவிட்டால் குழாய் மீண்டும் ஏறும். சில நாள் கழித்து மறுபரீட்சை. சிலருக்குச் சில வாரம் கசிவு இருக்கும். இடுப்படித்தசைப் பயிற்சி உதவும். விந்து வெளிவராமல் சலப்பைக்குள் திரும்புவது பெரும்பாலும் நிலைத்துவிடும்.