தனித்தனியே சரி, சேர்ந்தால்?

மறைமலைநகரில் இருந்த ஃபோர்டு தொழிற்சாலையில் 2022 வரை கார்கள் உருவாயின. இன்ஜினையும் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் தனித்தனியே சோதித்துவிட்டால் போதும் என்று எந்தக் கார்த் தொழிற்சாலையும் இருந்துவிடுவதில்லை. எல்லாவற்றையும் பூட்டி, முழு வண்டியையும் இயக்கிப் பார்த்த பிறகே வெளியே அனுப்புவார்கள். ஏன் தெரியுமா? கோளாறு பல சமயம் உறுப்புகளில் இருப்பதில்லை. அவை சந்திக்கும் இடத்தில் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத மென்பொருளுக்கும் இதே விதிதான். இதை மறந்தால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதை இரண்டு ராக்கெட்டுகளின் வரலாறு காட்டுகிறது.

வங்கக் கடலில் விழுந்த உழைப்பு

1993 செப்டம்பர் 20. இந்தியாவின் முதல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட், ஐ.ஆர்.எஸ்.-1இ செயற்கைக்கோளுடன் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து புறப்பட்டது. முதல் இரண்டு அடுக்குகளும் எதிர்பார்த்தபடி எரிந்தன. இரண்டாம் அடுக்கு கழலும்போது ராக்கெட் பலமாகக் குலுங்கித் திசை பிசகியது. அதை நிமிர்த்த வேண்டியது உள்ளிருந்த கணிப்பொறியின் பொறுப்பு. ஆனால் அதன் நிரலில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. கட்டளையின் அளவு குறித்த உச்ச வரம்பைத் தாண்டினால் மட்டுமே வெளிப்படும் பிழை அது. குலுக்கம் சிறிதாக இருந்திருந்தால் அது தலைகாட்டியே இராது. அன்று இரண்டும் சேர்ந்தன. ராக்கெட்டும் செயற்கைக்கோளும் கடலில் வீழ்ந்தன.

நம் விஞ்ஞானிகள் காரணத்தை ஆராய்ந்து திருத்தினார்கள். 1994 அக்டோபர் 15 அன்று இரண்டாவது பி.எஸ்.எல்.வி. வெற்றி கண்டது.

பழைய நிரல், புதிய வண்டி

1996 ஜூன் 4 அன்று, தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் ஏரியான்-5 முதன்முறையாகக் கிளம்பியது. சுமார் 40 விநாடிகளில் அது வானிலேயே சிதறியது. நான்கு கிளஸ்டர் ஆய்வுக்கோள்களும் அதனுடன் அழிந்தன.

ராக்கெட்டின் நிலையையும் அசைவையும் அறிவிக்கும் கருவியும் அதன் நிரலும் ஏரியான்-4இல் நன்றாக உழைத்தவை. அதே நிரலைப் புதிய ராக்கெட்டிலும் பொருத்தினார்கள். ஆனால் ஏரியான்-5 கிடைத்திசையில் அதிக வேகம் எடுப்பது. அந்த வேகத்தைச் சார்ந்த ஓர் எண்ணை 16 பிட் இடத்தில் அடைக்க நிரல் முயன்றது. அங்கே கொள்ளக்கூடிய மிகப் பெரிய எண் 32,767. எண் அதை மீறவே கருவி செயலற்றது. மாற்றுக் கருவியிலும் அதே நிரல்தான். அதுவும் அப்படியே நின்றது.

இதில் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. தரையில் முழு அமைப்பையும் சோதித்தபோது உண்மையான கருவியை இணைக்கவில்லை. அது தரும் எண்களைப் போலி நிரல் ஒன்று வழங்கியது. இணைத்துப் பார்த்திருந்தால் பிழை தரையிலேயே அகப்பட்டிருக்கக்கூடும்.

நம் மேசைக் கணிப்பொறியில்

ராக்கெட் நமக்கு எட்டாத பொருள் என்று எண்ணாதீர்கள். ஒரு பெரிய மென்பொருளோடு ஒட்டவைக்கும் சிறு நிரலை 'நீட்சி' என்கிறோம். அதுவும் வேறு வண்டியில் ஏறும் பயணிதான்.

ஒருவர் தமிழ்ச் சொற்பிழை திருத்தி ஒன்றை நீட்சியாக எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். யூனிகோடு முறையில் 'கொ' என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம்; கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண் என்று பிரித்தும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நீட்சியின் அகராதி முதல் வகையில் இருந்து, பெரிய மென்பொருள் இரண்டாம் வகையில் அனுப்பினால், சரியான 'கொடி' பிழையாகிவிடும்! தனியே சோதித்தபோது இது தெரிந்தே இராது.

இதற்குத்தான் ஒருங்கிணைப்புச் சோதனை. முதலில், வேறு நீட்சி எதுவும் கலவாத புதிய நிறுவலில் பெரிய மென்பொருளைத் திறக்க வேண்டும். அதில் நீட்சியை ஏற்றிப் பயனர் கொடுப்பது போன்றே கட்டளைகள் தந்து, கிடைத்த விடையை எதிர்பார்த்த விடையோடு ஒப்பிட வேண்டும். வரம்பு மீறிய விபரீத உள்ளீடுகளையும் கொடுத்துப் பார்ப்பது அவசியம். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையேல் முந்தைய சோதனையின் மிச்சம் அடுத்ததைக் கெடுக்கும். இத்தனையையும் கணிப்பொறியே தானாகச் செய்யும்படி அமைக்கலாம்.

ஒரு முறை செய்து ஓய்ந்துவிடலாகாது. நீட்சியில் ஒரு வரி மாறினாலும், பெரிய மென்பொருளின் புதிய பதிப்பு வந்தாலும், சோதனையை மீண்டும் ஓட்ட வேண்டும். நேற்று நன்றாக ஓடியது என்பது இன்றைக்குச் சான்றாகாது. ஏரியான்-4இல் வென்ற நிரல்தானே ஏரியான்-5ஐ வீழ்த்தியது!